தலையில் கைவைத்த மெக்கானிக்

அன்புள்ள ஐயா,

பழைய அமெரிக்க ரேடியோ இதழ்களை மின்வடிவில் படித்துவருகிறேன். சுற்றுப் படங்கள் அருமை. ஆனால் நடுநடுவே எதற்குக் கேலிச்சித்திரங்கள்? பாதி புரியவேயில்லை. ஒன்றில், ரேடியோவைக் கடைக்குத் தூக்கிவந்தவர், “தளர்ந்திருந்த திருகாணிகளை எல்லாம் நானே இறுக்கிவிட்டேன்” என்கிறார். மெக்கானிக் தலையில் கைவைத்துக்கொள்கிறார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அந்த இடத்தில் இன்னொரு சுற்றுப் படம் போட்டிருக்கலாமே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தத் திருகாணியிலிருந்தே தொடங்குகிறேன். டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழாய்களால் (வால்வுகளால்) இயங்கும் ரேடியோவின் பின்மூடியைக் கழற்றினால், வால்வுகளுக்கு நடுவே சிறிய அலுமினிய டப்பிகள் நிற்பதைப் பார்க்கலாம். ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) டிரான்ஸ்பார்மர்கள்; நிலையத்தின் அலையை ஒரே நிலையான அதிர்வெண்ணில் வடிகட்டித் தருபவை. டப்பியின் தலையில் ஒரு துளை, உள்ளே ஒரு திருகாணி. அது எதையும் பிடித்து நிறுத்துவதற்கானது அல்ல. உள்ளிருக்கும் சுருளை, அமெரிக்க ரேடியோக்களில் பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸுக்கு, இசைவிப்பதற்கானது. கருவி வைத்துப் பார்த்துத் தொழிற்சாலையில் சரியான இடத்தில் நிறுத்தியிருப்பார்கள். கொஞ்சம் நகர்ந்தாலே ஒலி மங்கும். எல்லாவற்றையும் இறுக முறுக்கிவிட்டால் நிலையங்களே கிடைக்காது. மெக்கானிக், சோதனை அலைகளைத் தரும் சிக்னல் ஜெனரேட்டரை எடுத்துவைத்து, ஒவ்வொரு டப்பியாக மீண்டும் இசைவிக்க வேண்டும். முதலில் வந்த கோளாறு ஒரு வால்வை மாற்றியதோடு போயிருக்கும். அவருக்கு உதவி செய்துவிட்டதாகவே வாடிக்கையாளர் நினைக்கிறார்!

ரேடியோ பழுதுபார்ப்பவர்களிடையே நெடுநாள் வழங்கிய வேடிக்கை இது. அந்த மெக்கானிக்கின் வீணான பொழுதை எந்தச் சுற்றுப் படம் காட்டும்? ஆகவே, அந்தக் கால்பக்கத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

சொந்த நிலையம் வைத்து, பொழுதுபோக்காக ஒருவரோடொருவர் வானொலியில் பேசும் அமெச்சூர் வானொலிக்காரர்களின் க்யூ.எஸ்.டி. 1915 முதல் வரும் இதழ். அதில் பல ஆண்டுகள் வரைந்த ஃபில் கில்டர்ஸ்லீவ் தாமே ஓர் அமெச்சூர், அழைப்புக்குறி டபிள்யூ1சிஜேடி. தொழில் தெரிந்த கை வரைந்தால் கம்பி எங்கே போகிறது என்பதுகூடச் சரியாக இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க வீடுகளில் டிவி நுழைந்ததும், கோபத்தோடு கதவைத் தட்டும் பக்கத்து வீட்டுக்காரர் இத்தகைய சித்திரங்களில் நிலையான பாத்திரமானார். காரணம் வெறும் கணக்குதான்: அமெச்சூர் 28 மெகாஹெர்ட்ஸில் பேசினால் அதன் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது கூடவே கசியும் இருமடங்கு அலை, 56. அமெரிக்காவின் 2ஆம் சேனல் 54 முதல் 60 வரை. இவர் பேசப் பேச அவர் வீட்டுப் படம் கோடுகோடாக உடைந்தது. இது தெரிந்தபின் அந்தக் கதவடிச் சண்டையை மறுபடி பாருங்கள்.

ஆசிரியர்களும் விளையாடினார்கள். ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 1929இல் தொடங்கிய ‘ரேடியோ-கிராஃப்ட்’, 1948இல் ‘ரேடியோ-எலெக்ட்ரானிக்ஸ்’ ஆயிற்று. முட்டாள்கள் தினத்தையொட்டி ஏப்ரல் இதழ்களில் முகமது யுலிசிஸ் ஃபிப்ஸ் என்ற புனைபெயரில், இல்லாத கருவிகளை அவரே பெரும் தொழில்நுட்ப நடையில் விளக்கினார்.

ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்தச் சித்திரங்களில் பெண் என்றால் பெரும்பாலும் ஒன்றும் புரியாத இல்லத்தரசி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதே நாட்டின் தொழிற்சாலைகளில் ரேடியோக்களைப் பொருத்தி, பற்றவைத்து, சோதித்தவர்களில் ஏராளமானோர் பெண்கள். அவர்களுக்கு இது பெரிய அநியாயம். உங்களிடம் உள்ள இதழ்களில், பற்றவைப்புக் கோலோடு வேலைமேசையில் ஒரு பெண் அமர்ந்திருக்கும் சித்திரம் கண்ணில் பட்டால் தவறாமல் எனக்கு அனுப்புங்கள்.