வட்டைக்குள்ள ஆர்சி ப்ளேன் விடுறதுக்கு முதல் ஒரு கோடு போடுங்க

மட்டக்களப்பில களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். மாமா கட்டார்ல இருந்து ரிமோட்டால பறக்கவிடுற ஒரு ஃபோம் ப்ளேன் கொண்டுவந்து குடுத்தாராம், கூட்டாளிமாரிட்ட இன்னும் ரெண்டு கிடக்காம், பின்னேரத்தில வாவிக்கு அங்கால படுவான்கரைக்குப் போய் வேளாண்மை வெட்டின வயல் வட்டைக்குள்ள விடுறாங்களாம், புதினம் பாக்க சின்னப் புள்ளயள் வந்து சுத்தி நிக்குதாம், இதுக்கு என்ன ஒழுங்கு வேணும் எண்டு.

தம்பி, சுத்தி நிக்குது எண்டீங்களே, அதுதான் முதல் பிரச்சினை. சனம் வட்டமா நிண்டா ப்ளேன் எங்கால கிறுகினாலும் ஆருடையோ தலைக்கு மேலதான் போகும். வரம்போட ஒரு கயிறு கட்டுங்க. ஆக்கள், பைக், பற்றறி எல்லாம் கயித்துக்கு இங்கால, பறக்கிறதெல்லாம் அங்கால. ஃபோம்தானே, என்ன செய்யும் எண்டு நினைக்காதீங்க, அரைக் கிலோ சாமான் மணிக்கு 50 கிலோமீற்றர்ல வந்து முகத்தில பட்டா கண் போயிடும்.

அந்தக் கயித்த எந்தப் பக்கம் பாத்துக் கட்டுறது எண்டதிலதான் கனபேர் பிழைவிடுறது. பின்னேரம் மேற்குச் சூரியன் கண்ணுக்கு அடிக்கும், அதால கிழக்கப் பாத்து நிப்பம் எண்டு தோணும், ஆனா அந்த நேரம் கடல் காத்து கிழக்கில இருந்து வருகுது, அப்ப ப்ளேனை நேர உங்கட தலைக்கு மேலதான் தள்ளிக்கொண்டு வரும். அதால கயித்தைக் கிழக்கு மேற்கா கட்டுங்க. காத்துக்கு எதிரா ஏத்தலாம், எதிராவே இறக்கலாம். மாசி பங்குனியில வடக்கப் பாத்து நில்லுங்க, வெயில் பக்கவாட்டில போயிடும். மேற்கால கச்சான் காத்து அடிக்கிற காலத்திலயும் கயிறு அப்பிடியே இருக்கட்டும், தெக்கப் பாத்து நிண்டா சரி, ஏத்துற பக்கம் மட்டும் மாறும். கச்சான் உரத்தா அண்டைக்கு விடாதீங்க, சின்ன ப்ளேன் போனது போனதுதான்.

மூண்டு ப்ளேனும் ஒரே நேரம் ஏறுறதெண்டா விடுற ஆக்கள் பக்கத்தில பக்கத்தில நிக்கவேணும், ஆளுக்கொரு மூலையில நிண்டா ஒருத்தர் சொல்லுறது மத்தவருக்குக் கேக்காது. ஏத்தப் போறன், இறக்கப் போறன், கயித்துக்கு அங்கால போறன், இதையெல்லாம் சத்தமாச் சொல்லுங்க, வெக்கப்படாதீங்க. மோட்டர் நிண்டுபோச்சு எண்டு ஒருத்தர் கத்தினா மத்தவங்க உடன விலகி இடம் விடவேணும், அவருக்குத் திரும்ப ஏத்தேலாது. புதுசாப் பழகிறவருக்குப் பக்கத்தில ஒருத்தர் சும்மா நிண்டு வானத்தையும் வட்டையையும் பாக்கட்டும், மாடு வருகுதா, ஆள் வருகுதா எண்டு சொல்ல.

பற்றறி கொழுவுற ஒழுங்கு: முதல்ல ரிமோட்டைப் போட்டு, த்ரொட்டில் (மோட்டர் வேகத்தைக் கூட்டுற குச்சி) அடியில இருக்கா எண்டு பாத்து, மறுகா ப்ளேன் பற்றறி. கழட்டக்க ப்ளேன் முதல்ல, ரிமோட் கடைசி. பற்றறி கொழுவின நேரம் தொட்டு ப்ரொப்பெல்லருக்கு முன்னால கை, முகம், புள்ள ஒண்டும் இருக்கப்படாது. வீட்டில ப்ரொப்பெல்லரைக் கழட்டிப்போட்டு ஒருக்கா த்ரொட்டில் குடுத்து ரிமோட்டை ஓஃப் பண்ணிப் பாருங்க, மோட்டர் தானா நிக்கவேணும், நிக்காட்டி ஃபெயில்சேஃப் (ரிமோட் சிக்னல் போனா மோட்டரை நிப்பாட்டுற செட்டிங்) செட் பண்ணாம வட்டைக்குக் கொண்டு போகவேணாம். வலப்பக்கம் குச்சியைத் தள்ளினா வலது இறக்கையின்ட பின்னோரத்தில அசையிற தகடு, ஐலரோன், மேல எழும்பவேணும், இதை ஒவ்வொரு முறையும் பாருங்க.

ப்ளேனில போடுற லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றறி ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல ஏறப்படாது, 3.5க்கு வந்தா இறக்கிடுங்க. விழுந்து அடிபட்டது, ஊதினது எதையும் பைக் சீட்டுக்குக் கீழ வச்சுக் கொண்டு வராதீங்க. பற்றறி தீப்பிடிச்சா கொட்ட ஒரு வாளி மண் பக்கத்தில கிடக்கட்டும். இரவு சார்ஜில போட்டுட்டுப் படுக்கிற வேலை வேணவே வேணாம்.

அனுமதி விசயம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு சிவில் விமான சேவைகள் அதிகாரசபை ட்ரோன் பறக்கவிடுறதை முழுசா நிப்பாட்டினது ஞாபகமிருக்கும். உங்கடது ட்ரோன் இல்லையெண்டாலும் தூரத்தில நிண்டு பாக்கிற பொலிஸ்காரருக்கு ரெண்டும் ஒண்டுதான். அதிகாரசபைக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில வச்சிருங்க, பொலிஸுக்கும் கிராம சேவகருக்கும் சொல்லி வையுங்க. மட்டக்களப்பில திமிலைதீவு விமான நிலையத்துப் பக்கமோ, அம்பாறையில உகனை விமானப்படைப் பக்கமோ கிட்டவும் போகவேணாம். நீங்க நிக்கிற இடத்திலயும் ஹெலி சத்தம் கேட்டா யோசிக்காம இறக்கிடுங்க, பெரிய விமானத்துக்குத்தான் எப்பவும் வழி.

வட்டை போடியாருடையது, வயல் சொந்தக்காரர் அவர்தான், அவரிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. பக்கத்து வயல்ல வேளாண்மை நிண்டு அதுக்குள்ள ப்ளேன் விழுந்தா அஞ்சு பேரும் ஓடி மிதிக்காதீங்க, வயலைப் பாக்கிற முல்லைக்காரரைக் கூப்பிட்டு ஒருத்தர் மட்டும் வரம்பால போங்க. கரண்ட் கம்பியில மாட்டினா தடி போட்டுத் தட்டவே வேணாம், மின்சார சபைக்கு 1987 அடிச்சுச் சொல்லிட்டு புள்ளயளைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க.