புது ஃபிரிட்ஜில் கேஸ் தீராது

கேள்வி: மாதாமாதம் சேர்த்து வைத்த பணத்தில் ஒரு டபுள் டோர் ஃபிரிட்ஜ் வாங்கினேன். பத்தாவது நாளே உள்ளே வைத்த பால் திரிந்துவிட்டது. கடையில் போய்ச் சொன்னால், "விக்கிறது மட்டும்தான் மேடம் எங்க வேலை, கம்பெனிக்குப் போன் பண்ணுங்க" என்கிறார்கள். கம்பெனி டெக்னீஷியன் வந்தார், "கேஸ் கம்மி" என்று நிரப்பிவிட்டுப் போனார். ஒரு வாரம் ஓடியது. மறுபடி அதே கதை, மறுபடி கேஸ். இன்றோடு வாங்கி 26 நாள். நேற்று ஃப்ரீசரில் இருந்த ஐஸ் எல்லாம் தண்ணீர். கடை மேனேஜர், "அட்டைப்பெட்டி இல்லாம மாத்தித் தர முடியாது" என்கிறார். வீட்டில் வேறு, "நீ பார்த்து வாங்கினதுதானே" என்கிறார்கள். எனக்குச் சண்டை போட்டுப் பழக்கமில்லை. வேறு ஃபிரிட்ஜ் தரச் சொல்லிக் கேட்பது நியாயம்தானா? எப்படிக் கேட்பது?
– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நியாயம்தான். நீங்கள் கொடுத்த பணம் கடைக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கு ஈடான பொருள்தான் இன்னும் உங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. அதைக் கேட்பதற்குத் தயக்கமே வேண்டாம். "நீ பார்த்து வாங்கினது" என்கிறவர்களிடமும் சொல்லுங்கள்: மாடலைத்தான் நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள். குழாயில் ஓட்டை இருப்பது கடையில் நின்று பார்க்கிற யார் கண்ணுக்கும் தெரியாது.

ஓட்டை என்று நான் சொல்வதற்குக் காரணம், உங்கள் கடிதத்தில் இருக்கும் "கேஸ் கம்மி" என்ற அந்த இரண்டு வார்த்தைகள். ஃபிரிட்ஜில் இருக்கும் கேஸ், வண்டியில் போடும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. கம்ப்ரஸர், வெப்பத்தை வெளியே விடும் சுருள், உள்ளே குளிர்ச்சி தரும் சுருள் எல்லாவற்றையும் குழாயால் இணைத்து, பற்றவைத்து, காற்றுப் புகாமல் மூடியிருப்பார்கள். தொழிற்சாலையில் ஒரு முறை அடைத்த கேஸ் அதற்குள்ளேயே திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருக்கும். வருஷக்கணக்கில் ஓடும் ஃபிரிட்ஜ்கள் முதல் நாள் அடைத்த கேஸிலேயேதான் ஓடுகின்றன. இப்போது வரும் வீட்டு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன். அதுவும் மொத்தமே சில பத்து கிராம்தான். அதில் கொஞ்சம் போனாலும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், குளிர்ச்சி மட்டும் வராது.

ஆக, பத்து நாளில் கேஸ் குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது, அல்லது ஆரம்பத்திலேயே சரியாக அடைக்கவில்லை. நிரப்பிய பிறகு ஒரு வாரத்தில் மறுபடி குறைந்தது என்றால் இரண்டாவது சந்தேகமும் போய்விடுகிறது, கசிவுதான். கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். முறையாகச் செய்வதென்றால் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும், ஃபில்டரை மாற்ற வேண்டும், வேக்குவம் பம்ப் வைத்துக் குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும், அப்புறம் கேஸை எடை பார்த்து அடைக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு வந்தவர் இதெல்லாம் செய்தாரா? "ஓட்டை எங்கே இருந்தது?" அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான். சுவருக்குள் ஃபோம் நிரப்பிய பகுதியில் கசிந்தால் வெளியிலிருந்து அடைக்க வழியே இல்லாமல் போகலாம். அந்த கேஸ் எரியக்கூடியதும்கூட. அளவு மிகக் குறைவு, அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் மூன்றாவது முறையும் நிரப்பிவிட்டுப் போக ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கடைக்காரர் உங்கள் பக்கம் திருப்பிவிடக்கூடிய காரணங்கள் சில உண்டு. "சுவரோடு ஒட்டி வைத்திருப்பீர்கள்", "கதவு சரியாக மூடியிருக்காது", "படுக்கவைத்துக் கொண்டுவந்து உடனே ஆன் செய்திருப்பீர்கள்" என்பார்கள். இவையெல்லாம் உண்மையிலேயே குளிர்ச்சியைக் கெடுக்கும் விஷயங்கள், அதனால் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பின்னாலும் பக்கவாட்டிலும் மேனுவலில் சொன்ன இடைவெளி இருக்கட்டும். கதவின் ரப்பர் காஸ்கெட்டில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள்; தாள் பிடிமானம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே காற்றுப் போகிறது.

அப்புறம் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள், ஃபிரிட்ஜுக்கென்றே சின்னதாகக் கிடைக்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் தெர்மாமீட்டரைப் போட்டு, நடுத்தட்டில் ஓர் இரவு முழுக்க வையுங்கள். தண்ணீருக்குள் வைத்தால், கதவைத் திறந்தவுடன் முள் ஏறாமல் உள்ளே இருக்கும் உண்மையான குளிர்ச்சி தெரியும். நல்ல ஃபிரிட்ஜில் காலையில் 5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், ஃப்ரீசர் மைனஸ் 18-ஐ ஒட்டி இருக்க வேண்டும். உங்களுடையதில் 12 என்றோ 14 என்றோ காட்டினால், தேதி தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து எடுங்கள். "சரியாகக் கூலிங் இல்லை" என்றால் வாதம் செய்வார்கள். 14 டிகிரி என்ற எண்ணோடு வாதம் செய்வது கஷ்டம்.

சரி, யாரிடம் போவது? கடைக்குத்தான். பில் கடையின் பெயரில் இருக்கிறது, பணம் வாங்கியது கடை. கம்பெனி தரும் வாரண்டி அதற்கு மேல் கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு. அது இருப்பதால் விற்றவரின் பொறுப்பு போய்விடாது. எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை, ஆனால் பல நாட்டுச் சட்டங்கள் இந்த விஷயத்தில் ஒரே பக்கம்தான் நிற்கின்றன. பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கடையிடமே கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குறைந்தது 2 ஆண்டுகளுக்கு விற்றவர் பொறுப்பு. சிங்கப்பூரில் 2012 முதல், வாங்கிய 6 மாதத்துக்குள் வெளிப்படும் குறை முதலிலிருந்தே இருந்ததாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் வேலை. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அதற்கு முன்னால் 1915 என்ற உதவி எண்ணில் புகார் பதியலாம். உங்களுக்கு இன்றைக்கு 26-ஆவது நாள். 30 நாள் கணக்கு இருக்கும் இடமென்றால் இந்த இதழ் கைக்கு வரும் வரை காத்திருக்கக் கூடாதே என்றுதான், உங்கள் ஈமெயிலுக்குத் தனியாகவும் இந்தப் பதிலை அனுப்பியிருக்கிறேன்.

இதுவரை நீங்கள் செய்ததெல்லாம் வாய்ப்பேச்சு. நேரில் போனீர்கள், போன் செய்தீர்கள், அவர்கள் பதில் சொன்னார்கள். எல்லாம் காற்றோடு போயிற்று. இன்றைக்கே கடைக்கு ஒரு ஈமெயில் அனுப்புங்கள், அதே கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து நேரிலும் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். நீளமாக வேண்டாம், கோபமும் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"இந்தத் தேதியில், இந்த பில் எண்ணில், இந்த மாடல் ஃபிரிட்ஜை உங்கள் கடையில் வாங்கினேன். சீரியல் நம்பர் இது. பத்தாவது நாளிலிருந்து குளிர்ச்சி இல்லை. உங்கள் கடையில் நேரில் தெரிவித்தேன். கம்பெனி டெக்னீஷியன் இரண்டு முறை கேஸ் நிரப்பியும் குறை தீரவில்லை. டெக்னீஷியன் வேலை விவரம் எழுதிய தாளின் (ஜாப் ஷீட்) நகல்களும் வெப்பநிலை போட்டோக்களும் இணைத்திருக்கிறேன். இது தயாரிப்புக் குறை. மூன்றாவது பழுதுபார்ப்பை நான் ஏற்கவில்லை. ஏழு நாளுக்குள் புதிய ஃபிரிட்ஜ் தர வேண்டும், அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். இல்லையென்றால் நுகர்வோர் அமைப்பில் புகார் செய்வேன்."

இதில் ஒன்றைக் கவனியுங்கள்: என்ன வேண்டும், எத்தனை நாளில் வேண்டும் என்று இரண்டும் இருக்கின்றன. "தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்தால் இன்னொரு டெக்னீஷியனை அனுப்புவதும் தக்க நடவடிக்கை ஆகிவிடும். கம்பெனிக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.

ஜாப் ஷீட் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே இதில் அடிபட்டிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் வாங்கிய வாஷிங் மெஷின், துணி சுற்றும்போது தரையில் நடக்கவே ஆரம்பித்தது. டெக்னீஷியன் வந்து பார்த்தார், காலைத் திருகினார், "சரியாயிடுச்சு, போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றார். வெளியே கிளம்பும் அவசரத்தில் சொல்லிவிட்டேன். அன்று மாலையே மெஷின் மறுபடி நடந்தது. கடையில் போய் நின்றபோது கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்கள்: புகார் தீர்ந்தது, வாடிக்கையாளர் உறுதி செய்தார். அந்த ஓடிபிதான் என் கையெழுத்து. அதற்கப்புறம் அவர்களை ஒத்துக்கொள்ள வைக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

அதனால், மறுபடி டெக்னீஷியனை அனுப்பினால், வேலை முடிந்து ஒரு முழு நாள் ஃபிரிட்ஜ் ஓடி, டம்ளர் தண்ணீர் குளிர்ந்த பிறகுதான் ஓடிபி எண்ணைச் சொல்வேன் என்று அவரிடம் சொல்லுங்கள். அவருக்கும் மேலே இருந்து நெருக்கடி இருக்கும், கெஞ்சுவார். ஜாப் ஷீட்டில் "இரண்டு முறை நிரப்பியும் கேஸ் குறைவு, கசிவு எங்கே என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை" என்று அவர் கையாலேயே எழுதித் தரட்டும், அதில் கையெழுத்துப் போட உங்களுக்கு ஆட்சேபணை இல்லை. முதல் இரண்டு வருகைகளின் தாள்கள் கைவசம் இல்லையென்றால் கஸ்டமர் கேரில் புகார் எண்களைச் சொல்லிச் சர்வீஸ் விவரத்தை ஈமெயிலில் கேட்டு வாங்குங்கள். "கேஸ் சார்ஜிங்" என்று இரண்டு தேதியில் பதிவாகியிருந்தால் உங்கள் கையில் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

அட்டைப்பெட்டி விஷயம் வெறும் சாக்கு. பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பவருக்குக் கடை அப்படி நிபந்தனை போடலாம். உங்களுடையது குறையுள்ள பொருள். பெட்டியை எறிந்ததால் குழாயில் ஓட்டை விழவில்லை. மேனேஜர் மறுபடி அதையே சொன்னால், "அதை எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு நில்லுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள்.

சண்டை போட்டுப் பழக்கமில்லை என்றீர்கள். போட வேண்டாம். கவுண்டரில் நிற்கும் பையனிடம் சத்தம் போட்டு ஒன்றும் ஆகாது, மாற்றிக் கொடுக்க அவனுக்கு அதிகாரமும் இல்லை. கூட்டம் இல்லாத காலை நேரத்தில் போய், மேனேஜரைக் கேட்டு, உட்கார்ந்து, ஃபைலைத் திறந்து வையுங்கள். மெதுவாகப் பேசுகிற, தாள்களோடு வருகிற வாடிக்கையாளரை அவ்வளவு சுலபமாக அனுப்பிவிட முடியாது.

அவர்கள் இறங்கி வரும்போது வேறு மாதிரி யோசனைகள் வரும். "இன்னும் கொஞ்சம் பணம் கட்டி மேல் மாடல் எடுத்துக்கோங்க" என்பார்கள். உங்களுக்கு அந்த மாடல் உண்மையிலேயே வேண்டுமென்றால் ஒழிய வேண்டாம். பணத்துக்குப் பதில் கிரெடிட் நோட், அதாவது அதே கடையில் பொருள் வாங்க மட்டும் உதவும் சீட்டு, தருகிறோம் என்பார்கள், அதை நான் வாங்க மாட்டேன். தவணையில் வாங்கியிருந்தால் மட்டும் ஓர் எச்சரிக்கை: கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்தது பெரும்பாலும் வேறு நிறுவனம், அபராதம் உங்கள் தலையில் விழும். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் தாமதிக்காமல் புகார் செய்யலாம்.

புது ஃபிரிட்ஜ் வந்து இறங்கும்போது, பழையதை அவர்கள் வண்டியில் ஏற்றுவதற்கு முன் எடுத்துக்கொண்டதற்கு ரசீது வாங்கிவிடுங்கள். புதியதன் சீரியல் நம்பர் வேறாக இருக்கிறதா, புது பில்லிலும் வாரண்டி அட்டையிலும் அந்த நம்பரும் அன்றைய தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். சாய்த்துக் கொண்டுவந்திருந்தால் கம்ப்ரஸர் ஆயில் கீழே இறங்கச் சில மணி நேரம் நிமிர்ந்தே நிற்கட்டும், மேனுவலில் எத்தனை மணி என்று போட்டிருக்கும். அப்புறம் ஆன் செய்து, ஒரு முழு நாள் ஓடவிட்டு, அதே டம்ளர் தண்ணீரை நடுத்தட்டில் வையுங்கள். காலையில் தெர்மாமீட்டர் என்ன காட்டியது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.