200 பேர் முன்னால் பேசக் கை நடுங்குகிறதா? பினாங்குக்கு வரும் தம்பிக்கு

மதுரையில் 50 பேர் வகுப்பு எடுத்துப் பழகிவிட்டு, அடுத்த செமஸ்டரிலிருந்து பினாங்கில் 200 பேர் உட்காரும் விரிவுரை மண்டபத்தில் நிற்க வேண்டும், நினைத்தாலே கை நடுங்குகிறது, மாணவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்களே என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பேசுகிறவருக்குத் தன் பதற்றமெல்லாம் வெளியே அப்பட்டமாகத் தெரிவதாகத் தோன்றும், கேட்கிறவர்களுக்கோ அதில் கொஞ்சம்தான் தெரியும். இந்த விஷயத்தை முன்கூட்டியே சொல்லிப் பேசவிட்டவர்கள், சொல்லாமல் விட்டவர்களைவிட நன்றாகப் பேசினார்களாம். அப்படிப் பார்த்தால் இதைப் படித்ததுமே உங்களுக்குப் பாதி குணமாகியிருக்க வேண்டும்!

இங்கே ஆளை உண்மையில் அசைத்துப் பார்ப்பது கூட்டம் இல்லை, அமைதி. "புரிந்ததா?" என்று கேட்டால் ஊரில் பாதி வகுப்பு "புரிஞ்சது மேடம்" என்று கத்தும், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கிண்டலாவது வரும். இங்கே பெரும்பாலும் சத்தமே வராது. மலாய், சீன, நம் பிள்ளைகள் என்று யாராக இருந்தாலும், எல்லார் முன்னாலும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம். வகுப்பு முடிந்து நீங்கள் லேப்டாப் ஒயரைக் கழற்றும்போதுதான் மேசை பக்கத்தில் நாலைந்து பேர் வந்து நிற்பார்கள், மற்றவர்களின் சந்தேகம் ராத்திரி வாட்ஸ்அப்பில் வரும். புதிதாக வருகிறவர்கள் இந்த அமைதியை, நம் பாடம் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகப் பேச ஆரம்பிக்கிறார்கள், அங்கேதான் சறுக்கல்.

அதனால் "புரிந்ததா?" என்று கேட்கவே வேண்டாம். திரையில் நான்கு விடைகளோடு ஒரு கேள்வி போடுங்கள், ஃபோனில் வாக்களிக்கச் சொல்லுங்கள், விடை சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசவிட்டு மறுபடி வாக்களிக்கச் சொல்லுங்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1991இல் ஆரம்பித்த முறை இது. மூச்சுவிடாமல் இருந்த மண்டபம் மலாய், மாண்டரின், ஹொக்கியன், தமிழ் எல்லாம் கலந்து சந்தைபோல் ஆகிவிடும். யாரும் தனியாக மாட்டிக்கொள்வதில்லை, உங்களுக்கும் தண்ணீர் குடித்து அடுத்த ஸ்லைடைப் பார்க்க நேரம் கிடைக்கும்.

முதல் பத்து நிமிடத்தை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற அளவுக்குப் பழகி வைத்துக்கொள்ளுங்கள், முழுவதையும் மனப்பாடம் செய்தால் ஒரு வரி மறந்ததும் எல்லாம் போச்சு. முந்தின நாள் காலி மண்டபத்துக்குப் போய் மைக்கைப் போட்டுப் பார்த்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து திரையைப் படியுங்கள். ஏசி குளிர் சில இடங்களில் எலும்பைத் துளைக்கும், பிள்ளைகளே ஜாக்கெட்டோடுதான் வருவார்கள், கை நடுக்கத்தில் பாதி அதனாலும் இருக்கலாம். நம் ஊர் ஆங்கிலத்தின் வேகத்தைக் குறையுங்கள். ஆமாம் என்பதற்கு நாம் தலையை ஆட்டுகிற விதமும் இங்கே பலருக்கு "இல்லை" என்பதுபோலத்தான் தெரியும், வாயால் சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட, ஒரு டுடோரியல் குழுவையாவது (விரிவுரையை ஒட்டி நடக்கும் சிறு வகுப்பு) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உதவியாளரிடம் விட்டுவிடலாம் என்பார்கள், விடாதீர்கள். 20 பேரின் பெயரும் முகமும் தெரிந்துவிட்டால் பெரிய மண்டபத்தில் கண் போய் நிற்க இடம் கிடைக்கும். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும், டான் என்று மட்டும் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள்.

எந்தப் பாடம் என்று நீங்கள் எழுதவில்லையே? சொன்னால் முதல் வாரத்துக்கு எந்த மாதிரிக் கேள்விகள் வைக்கலாம் என்று எழுதுகிறேன்.