பந்து பார்க்க ஒரு பப்

கேள்வி: வேலைக்காக லண்டன், ஈஸ்ட்ஹாம் வந்திருக்கிறேன். கால்பந்து பார்க்க நல்ல பப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உங்கள் அணி எது, தம்பி? அதைப் பொறுத்துத்தான் பப். ஃபின்ஸ்பரி பார்க் பக்கம் ஆர்சனல் ரசிகர்களின் கோட்டை. அங்கே அவர்களின் பரம எதிரியான டாட்டனம் அணியின் சட்டையோடு நுழையாதீர்கள். உங்கள் அக்கம்பக்கம் முழுக்க வெஸ்ட்ஹாம் அணி ரசிகர்கள்.

திரை எத்தனை என்று எண்ணாதீர்கள். முன்கூட்டியே போன் போட்டு, "வர்ணனை கேட்குமா?" என்று விசாரியுங்கள். பாட்டு அலறும் இடத்தில் கோல் விழுந்தாலும் விழுந்த மாதிரி இருக்காது.

சனிக்கிழமை பிற்பகல் 3 மணி ஆட்டம் மட்டும் பப்பில் கிடைக்காது. சின்ன கிளப்புகளின் மைதானங்கள் காலியாகிவிடக் கூடாதென்று 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் டிவியில் கால்பந்து நேரலைக்குத் தடை. எனக்கு மிகவும் பிடித்த விதி அது. அந்த நேரத்தில் கிழக்கு லண்டனின் சின்ன கிளப்பான லேட்டன் ஓரியன்ட் உள்ளூரில் ஆடினால், டிக்கெட் எடுத்து மைதானத்துக்கே போய்விடுங்கள்.