ஆளில்லாத தோட்டங்கள்

அன்புள்ள ஐயா,

ஸ்பெயின் ஓவியர் சாந்தியாகோ ருசின்யோலின் தோட்ட ஓவியங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இணையத்தில் தேடிப் பார்த்தேன். முதல் ஐந்தாறு படங்களில் சொக்கிப்போனேன். பிறகு அலுத்துவிட்டது. எங்கும் சைப்ரஸ் மரம், குளம், பாதை, மனிதரைக் காணோம். பார்சலோனாவின் நெசவாலை முதலாளி வீட்டுப் பிள்ளை உலகத்தை மறந்து தோட்டத்துக்குள் ஒளிந்துகொண்டார் என்றே தோன்றுகிறது. தவறா?

கா.

அன்புள்ள கா.,

அலுப்பு நியாயம்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டங்களையே வரைந்தவர். பிற்காலப் படங்கள் சிலவற்றில் கை பழக்கத்தில் ஓடுகிறது.

ஆனால் ஒளிந்துகொண்டார் என்பதை ஏற்க மாட்டேன். 1894இல் அவர் வரைந்த ‘மார்ஃபின்’ ஓவியத்தில் படுக்கையில் போதையேறிக் கிடக்கும் பெண்ணின் விரல்களைப் பாருங்கள், விரிப்பை எப்படிப் பற்றியிருக்கின்றன என்று. அந்த மருந்துக்கு அவரும் அடிமையாக இருந்தவர். மனிதரை வரைய வராமல் தோட்டத்துக்குப் போனவர் அல்ல. அடுத்த ஆண்டு தெற்கு ஸ்பெயினின் கிரானடா நகருக்குப் போனார். அங்கேதான் தோட்டப் பித்து பிடித்தது.

அதுவும் எப்படிப்பட்ட தோட்டங்கள்? பூத்துக் குலுங்குபவை அவரை அவ்வளவாக இழுக்கவில்லை. பாசி படிந்த படிகள், நீர் நின்றுபோன ஊற்றுகள், பிரபுக்கள் கைவிட்ட மர வரிசைகள். காட்டுக்கு ஆள் தேவையில்லை. செடிவேலி நேராக நிற்பதென்றால் யாரோ கத்தரித்திருக்கிறார். ஓரிடத்தில் கிளை பிதுங்கினால் அவர் வருவது நின்றுவிட்டது. ஆள் இல்லை என்கிறீர்கள், எனக்கோ அந்தத் தோட்டக்காரர்தான் முதலில் தெரிகிறார். தோட்டம் என்பது செய்யுளாக்கப்பட்ட நிலக்காட்சி என்று ருசின்யோலே எழுதியிருக்கிறார். அப்படியானால் அவர் வரைந்தவற்றில் பாதி, தளை தட்டிய வெண்பாக்கள்.

1931 ஏப்ரலில் ஸ்பெயின் குடியரசாகி, மன்னர் நாட்டைவிட்டு வெளியேறினார். ஜூனில், எழுபது வயதில், அரான்ஹுவேஸில் மன்னரின் அரண்மனைத் தோட்டங்களை வரையப் போன இடத்திலேயே ருசின்யோல் இறந்தார். வெகுகாலமாக அவர் ஆளில்லாமல் வரைந்துவந்த தோட்டங்கள் அவை.

ஒன்று செய்யுங்கள். அதே காலத்து ஸ்பெயின் ஓவியர் ஹொவாக்கின் சொரோயா மட்ரிட்டில் தன் வீட்டுக்குத் தானே அமைத்து வரைந்த தோட்டத்தையும் தேடி எடுங்கள். அங்கேயும் பல படங்களில் ஆளில்லை. ஆனாலும் காலையில்தான் யாரோ தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனதுபோல் இருக்கும். அதன் பக்கத்தில் ருசின்யோலின் ஒரே ஒரு படத்தை, முப்பதை அல்ல, வைத்துப் பாருங்கள். அப்போதும் அலுத்தால் எழுதுங்கள்.