80,000 லூமன் நெற்றி லைட்: கேட்டதும் சொன்னதும்

மோட்டார் ஸ்டார்ட்டர், டார்ச், எமர்ஜென்சி லைட் பழுது பார்ப்பது என் தொழில். நெற்றியில் மாட்டும் எல்இடி லைட்டைப் பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, வெள்ளியங்கிரி மலை ஏறுவதற்காக 349 ரூபாய்க்கு ஒரு ஹெட்லைட் வாங்கினேன். அட்டையில் 80,000 லூமன் என்று போட்டிருக்கிறது. உண்மையா?

இல்லை தம்பி. பக்கத்தில்கூட வராது. (லூமன் என்றால் விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு.)

உங்கள் வீட்டு 9 வாட் எல்இடி பல்பின் டப்பாவை எடுத்துப் பாருங்கள். 900 லூமன் என்றோ அதை ஒட்டியோ இருக்கும். அதாவது ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன். அந்தக் கணக்கில் 80,000 லூமனுக்கு 800 வாட் வேண்டும். ஒரு ஹெச்.பி. மோட்டாரே 746 வாட்தான். கிணற்று மோட்டார் இழுக்கும் மின்சாரத்தை விரல் நீள பேட்டரி ஒன்று எப்படிக் கொடுக்கும்? கொடுத்தாலும் அந்தச் சூட்டை நெற்றியில் தாங்க முடியாது. எல்இடிக்குப் போகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. இன்னொரு அளவும் சொல்கிறேன்: காரில் போடும் சாதாரண எச்4 ஹாலஜன் பல்பு ஹை பீமில் 1,650 லூமன் தரும். அட்டையில் இருக்கும் எண் அதைப் போல நாற்பத்தெட்டு மடங்கு.

இந்த மாதிரி லைட்டுகளை நான் அளந்து பார்த்தவரை 150 முதல் 400 லூமன் வரை வருகிறது. மலை ஏற அது போதும். எத்தனை மணி நேரம் எரியும் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி: பேட்டரியில் 9900 எம்ஏஎச் என்று இருக்கிறது. அப்படியானால் ரொம்ப நேரம் எரியும்தானே?

எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) என்பது பேட்டரியின் கொள்ளளவு. லூமனில் சொல்லும் பொய்யைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டும். பேட்டரியில் சொல்லும் பொய்க்கு மளிகைக் கடைத் தராசு போதும்.

இந்த லைட்டுகளில் இருப்பது பெரும்பாலும் 18650 செல். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால்தான் அந்தப் பெயர். இந்த அளவில் கடையில் கிடைக்கும் நல்ல செல்லே 3,500 எம்ஏஎச் பக்கம்தான். 9,900 என்று ஒட்டியிருந்தால் அந்த ஒட்டுத்தாள் ஒன்றே போதும், வேறு சோதனை வேண்டாம். நல்ல செல் 44 முதல் 50 கிராம் எடை இருக்கும். போன மாதம் ஒருவர் கொண்டுவந்த செல்லை நகைத் தராசில் வைத்தேன், 27 கிராம். மேலுறையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சுண்டுவிரல் அளவில் ஒரு சின்ன செல். மீதி இடம் முழுக்க வெள்ளை மாவு மாதிரி ஏதோ ஒன்றை அடைத்திருந்தார்கள். எனக்கு இதில்தான் கோபம் வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு கரண்ட் வந்ததும் மோட்டார் போட வரப்பில் நடக்கிற மனிதருக்குப் பாதி வழியில் விளக்கு அணைந்தால் என்ன ஆகும் என்று விற்றவர் யோசித்திருக்க வேண்டாமா?

நீங்கள் யாரும் செல்லை வெட்டிப் பார்க்காதீர்கள். லித்தியம் தீப்பிடிக்கும். எடை போட்டால் போதும்.

இப்போது கணக்கு: செல் நிஜமாகவே 2,000 எம்ஏஎச் இருந்தால், செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்க 7.4 வாட்-மணி. வாட்டுக்கு 100 லூமன் என்று வைத்தால் மொத்தம் 740 லூமன்-மணி. இதை எப்படி வேண்டுமானாலும் செலவழிக்கலாம்: 740 லூமனில் ஒரு மணி நேரம், 185 லூமனில் நாலு மணி நேரம். இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது. 'அதிக வெளிச்சம், 10 மணி நேரம்' என்று அட்டையில் கண்டால் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஐடிஐ எலக்ட்ரிக்கல் படிக்கிறேன் சார். மல்டிமீட்டர் இருக்கிறது. நானே அளக்க முடியுமா?

தாராளமாக. மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். செல்லின் ஒரு முனைக்கும் லைட்டின் தகட்டுக்கும் நடுவில் மீட்டரைத் தொடராக வைத்து, லைட்டை முழு வெளிச்சத்தில் போடுங்கள். செல்லின் இரண்டு முனைகளிலும் நேராக வைத்துவிடாதீர்கள், ஷார்ட் ஆகிவிடும். மீட்டர் 1.1 ஆம்பியர் காட்டினால், 3.7 வோல்ட்டில் 4 வாட். ஆகவே 400 லூமன் பக்கம். லென்ஸிலும் சர்க்யூட்டிலும் போகும் நஷ்டத்தைக் கழித்தால் இன்னும் குறையும்.

ஐந்து எல்இடி, ஏழு எல்இடி என்று நெற்றி முழுக்க அடுக்கியிருப்பதையும் இப்படியே சோதிக்கலாம். பெரும்பாலும் அதே ஒரு செல் தரும் மின்சாரத்தைத்தான் அத்தனை எல்இடியும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

கேள்வி: மீட்டர் எல்லாம் எங்களிடம் இல்லை. வீட்டில் பார்க்க வழி உண்டா?

உண்டு, ஐயா. ராத்திரியில் ஒரு சின்ன அறையைச் சாத்திக்கொள்ளுங்கள். வெள்ளைக் கூரையாக இருந்தால் நல்லது. போனில் லக்ஸ் மீட்டர் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளப்பது) ஆப் ஒன்றை ஏற்றி, திரை மேலே பார்க்கத் தரையில் வையுங்கள். 9 வாட் பல்பை மேஜை விளக்கில் மாட்டி, மேஜை மேல் வைத்து வெளிச்சத்தைக் கூரைப் பக்கம் திருப்புங்கள். போன் மேல் நேர் வெளிச்சம் படக்கூடாது, கூரையில் பட்டுத் திரும்புவது மட்டும் விழ வேண்டும். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே இடத்தில் நெற்றி லைட்டைக் கூரையைப் பார்க்க வைத்து இன்னொரு எண். பல்புக்கு 60, லைட்டுக்கு 20 என்றால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 300 லூமன். துல்லியம் இல்லைதான், ஆனால் 300-ஐயும் 80,000-ஐயும் பிரித்துக் காட்டிவிடும்.

போட்ட உடனே பார்ப்பதோடு நிறுத்தாமல், அரை மணி நேரம் கழித்தும் ஒரு தடவை பாருங்கள். பல லைட்டுகள் முதல் இரண்டு நிமிஷம் மட்டும்தான் பளபளக்கும்.

கேள்வி: என் நண்பனிடம் 400 லூமன் பிராண்டட் லைட் இருக்கிறது. அதைவிட என் லைட்தான் தூரத்தில் பளிச்சென்று தெரிகிறது. பிறகு எப்படி என்னுடையது மட்டம்?

மட்டம் என்று நான் சொல்லவில்லை. வேறு விஷயம் அது. லூமன் என்பது விளக்கிலிருந்து வரும் மொத்த வெளிச்சம். அதை ஒரு புள்ளியில் குவித்தால் அந்தப் புள்ளி பளிச்சென்று இருக்கும். அந்தச் செறிவுக்குக் கேண்டெலா என்று பெயர். குழாய் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் தூரம் பீய்ச்சும், ஆனால் வருகிற தண்ணீரின் அளவு அதிகமாகாது. ஜூம் லென்ஸ் செய்வதும் அதுதான். நீலம் கலந்த வெள்ளை நிறமும் கூடுதல் பிரகாசம் மாதிரி கண்ணை ஏமாற்றும்.

கேள்வி: 1,000 மீட்டர் தூரம் அடிக்கும் என்கிறார்களே?

டார்ச் அளப்பதற்கு ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்று அமெரிக்கத் தரநிலை ஒன்று 2009 முதல் இருக்கிறது. அதன்படி 'தூரம்' என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம், கிட்டத்தட்ட முழு நிலா வெளிச்சம். 1,000 மீட்டரில் அது கிடைக்க 2,50,000 கேண்டெலா தேவை. சின்ன லென்ஸில் வராது. தூரம் இரட்டிப்பாக வேண்டுமானால் செறிவு நாலு மடங்காக வேண்டும்.

கேள்வி: டி6 எல்இடி என்று போட்டிருந்தால் நம்பலாமா?

டி6 என்பது க்ரீ நிறுவனத்தின் எக்ஸ்எம்-எல் எல்இடியில் ஒரு வெளிச்சப் பிரிவின் பெயர். அசலாகவே இருந்தாலும் அதன் உச்சவரம்பு 3 ஆம்பியர், சுமார் 10 வாட். ஆயிரம் லூமனைத் தாண்டாது.

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறேன். விடியும் முன்பே தோட்டத்துக்குப் போக வேண்டும். எத்தனை லூமன் வாங்க?

உங்களுக்குப் பெரிய எண் தேவையே இல்லை, அண்ணாச்சி. கத்தி படும் பட்டை உங்கள் முகத்திலிருந்து இரண்டடி. அங்கே 50 முதல் 100 லூமன் தாராளம். குவிந்த வெளிச்சம் பட்டையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும், வெட்டின் ஆழம் தெரியாது. பரந்து விழுகிற, கொஞ்சம் மஞ்சள் கலந்த வெளிச்சம் வாங்குங்கள். காலடியில் பாம்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஹை மோடு இருந்தால் சரி. எடையைக் கட்டாயம் பாருங்கள், மூன்று நாலு மணி நேரம் கழுத்து சுமக்க வேண்டும்.

கேள்வி: ஏமாந்துவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா?

அட்டையையும் பில்லையும் படம் எடுத்து வையுங்கள். முதலில் விற்றவரிடம் கேளுங்கள். மறுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

கேள்வி: அண்ணா, முதலில் கேட்டவன்தான். அந்த 349 ரூபாய் லைட்டை இப்போது என்ன செய்ய?

செல்லை எடை போடுங்கள். 40 கிராமுக்குக் கீழே என்றால் அதைத் தூக்கிப்போட்டு (குப்பையில் அல்ல, மின்கழிவு வாங்கும் இடத்தில்) நல்ல கடையில் பில்லோடு ஒரு செல் வாங்கிப் போடுங்கள். வீட்டில் ஆள் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். மலைக்குப் போகும் முன் ஒரு ராத்திரி மொட்டை மாடியில் லோ மோடில் எரியவிட்டு, எத்தனை மணிக்கு மங்குகிறது என்று பாருங்கள். ஆறு மணி நேரம் தாங்கினால் எடுத்துக்கொண்டு போகலாம். தாங்காவிட்டால் கைக்கு இன்னொரு டார்ச்.