வெளிச்சம் குறையும் டார்ச்: புகாரை எதன்மீது நிறுத்துவது?

கேள்வி: "10,000 லூமென், 2 மணி நேரம்" என்று (லூமென் என்பது ஒளியளவின் அலகு) பெட்டியில் அச்சிட்ட எல்இடி டார்ச் ஒன்றை வாங்கினேன். ஒரே ஒரு 18650 பேட்டரியில் (உருளை வடிவ லித்தியம் அயான் பேட்டரி) இயங்குவது. இரண்டு நிமிடங்களில் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஒருமுறை சூடு தாங்காமல் உள்ளங்கையில் கொப்புளமும் வந்தது. "வெப்பப் பாதுகாப்புதான், குறைபாடு அல்ல" என்கிறார் விற்பனையாளர். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் "வெளிச்சம் குறைகிறது" என்பதை மட்டும் புகாராக எழுதினால் நீங்கள் தோற்க வாய்ப்புண்டு. எல்இடி வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகிறது. கையடக்கமான அலுமினிய உடலால் அத்தனை வெப்பத்தையும் வெளியேற்ற முடியாது என்பதால், நேர்மையான தயாரிப்பாளரும் சிறிது நேரத்தில் மின்னோட்டத்தைக் குறைக்கவே செய்வார். மேலும், டார்ச்சுகளின் ஒளியளவையும் எரியும் நேரத்தையும் அளக்க இத்துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் எஃப்எல்1 (FL1) தரநிலைப்படி, ஒளியளவு எரியவிட்ட 30 விநாடி முதல் 2 நிமிடத்துக்குள் அளக்கப்படுகிறது. எரியும் நேரமோ, ஒளி தொடக்க அளவில் 10 சதவீதமாகச் சரியும்வரை கணக்கிடப்படுகிறது. ஆகவே இரண்டு எண்களும் தனித்தனியே சரியாக இருந்தும், பக்கத்தில் பக்கத்தில் அச்சிடும்போது இரண்டு மணி நேரமும் முழு வெளிச்சம் கிடைக்கும் என்ற எண்ணத்தைச் சாதாரண வாங்குநரிடம் உண்டாக்கக்கூடும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை ஆராயும்போது, அந்த ஒட்டுமொத்த எண்ணத்தையே முக்கியமாகப் பார்க்க வேண்டும். ஒளி குறையும் என்பதைப் பெட்டியிலோ கையேட்டிலோ தெளிவாகச் சொல்லியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் வழக்கில் இதைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு. நல்ல 18650 பேட்டரியின் கொள்ளளவு சுமார் 3,500 மில்லி ஆம்பியர் மணி, 3.6 வோல்ட்டில் அது ஏறக்குறைய 12.6 வாட் மணி ஆற்றல். ஒரு வாட்டுக்கு 200 லூமென் என்று மிகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும், 10,000 லூமெனை இரண்டு மணி நேரம் தர 100 வாட் மணி வேண்டும், அதாவது பேட்டரியில் உள்ளதைப்போல் எட்டு மடங்கு. விளம்பரத்தை முழு வெளிச்சத்துக்கான வாக்குறுதியாகப் படித்தால், அது நிறைவேறவே முடியாதது என்பதைக் காட்ட இந்தக் கணக்கே போதும். தொடக்கத்திலாவது 10,000 லூமென் வந்ததா என்பதை மட்டும் ஆய்வகத்தில் ஒருங்கிணைப்புக் கோளம் (விளக்கு எல்லாத் திசையிலும் தரும் மொத்த ஒளியை அளக்கும் கருவி) கொண்டு அளந்து அறிக்கை பெறுவது நல்லது. கைபேசிச் செயலியின் அளவீடு எதிர்த்தரப்பின் கேள்விகளுக்கு நிற்காது.

கொப்புளத்தைத் தனிக் கோரிக்கையாக வையுங்கள். கையைச் சுடுவதற்கு முன்பே மின்னோட்டத்தைக் குறைப்பதுதான் வெப்பப் பாதுகாப்பின் வேலை என்பதால், விற்பனையாளர் சொல்லும் சமாதானமே இங்கு அவருக்கு எதிராகத் திரும்புகிறது. மருத்துவரின் சான்றும் செலவு ரசீதுகளும் இதற்குத் தேவைப்படும். சூடு குறித்த எச்சரிக்கை பொருளின்மீதே இருந்தால் இக்கோரிக்கை பலவீனப்படும். ஆனால் ஒளியளவு குறித்த கோரிக்கையை அது பாதிக்காது.

பெட்டி, ரசீது, விற்பனைப் பக்கத்தின் படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். டார்ச்சைத் திறந்து பார்க்கவோ வேறு பேட்டரி போடவோ வேண்டாம். பிறகு, எந்தத் தரநிலைப்படி அளந்தார்கள் என்பதையும் சோதனை அறிக்கையின் நகலையும் கேட்டு, பதிலுக்குக் கெடு குறித்து, விற்பனையாளருக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். அவர்கள் அறிக்கை தராவிட்டால், அந்த அறிவிப்பின் நகலையும் சேர்த்து, காலவரம்பு முடியும் முன் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகாரைத் தாக்கல் செய்யுங்கள்.